வெள்ளையா, சாம்பலா?

“கதவை இன்னொருக்காச் சாத்துங்கோ, தம்பி. மெதுவா.”

மதுசன் சாத்தினான். யோகமலர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். அவருடைய கணவர் சோமசேகரம் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எல்லாம் விளங்கியவர்போலத் தலையாட்டினார்.

திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்த அந்தக் கார் சேல் கடையில் இரண்டு வாகனங்கள்தான் மிச்சம். இரண்டும் யப்பானிலிருந்து இறங்கியவை. சின்னக் குடும்பத்துக்குத் தோதான, கொஞ்சம் உயரமான எஸ்யூவி. ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். வந்து கனநாளாகியும் இரண்டும் அசைகிற பாடாயில்லை. இந்த மாதமும் ஒன்றாவது போகாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி சசிகரன் காலையில்தான் மதுசனிடம் சொல்லியிருந்தார். சொன்னவர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து இப்போது இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்குள் ஏறியதும் யோகமலருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தோல் இருக்கை, தொட்டால் மெத்தென்ற டாஷ்போட், நடுவில் பெரிய திரை. நகைக்கடைக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். யார் வாகனத்தை ஓடிப் பார்க்கப்போகிறீர்கள் என்று மதுசன் கேட்டான். தங்கள் இருவருக்கும் ஓடத் தெரியாது, வீட்டில் ஓடுகிற ஆளும் இல்லை என்றார் சோமசேகரம்.

“பிறகு ஆர் ஐயா ஓடுறது?”

“அதைப் பிறகு பாப்பம். இப்ப நீங்கள் ஓடுங்கோ.”

கடலில் இறங்காதவருக்கு வலை விற்கிற கதைதான். ஆனால் வேலை போகப்போகிறவன் அதையெல்லாம் பார்க்க முடியுமா? சோமசேகரத்தை முன்னாலும் யோகமலரைப் பின்னாலும் இருத்தி, உவர்மலைப் பக்கம் எடுத்தான்.

ஏற்றத்தில், அவனுடைய போனோடு இணைத்திருந்த திரை மின்னியது. ‘அம்மா’ என்று வந்தது. மதுசன் அதை நிறுத்திவிட்டான். சற்று நேரத்தில் மறுபடியும் அம்மா. மறுபடியும் நிறுத்தினான்.

“அம்மாவெண்டால் எடுங்கோவன்” என்றார் யோகமலர்.

“ஓடேக்க எடுக்கிறேல்லை, அன்ரி. எடுத்தால் அம்மாவே ஏசுவா.”

இறக்கத்தில் ஒரு குழி. வெள்ளையின் கதவுக்குள் ஏதோ கடகடத்தது.

திரும்பி வந்ததும் அம்மாவுக்கு எடுப்போம் என்று மதுசன் நினைத்தான். அதற்குள் யோகமலர் சாம்பலின் பின் இருக்கையில் ஏறிவிட்டார். ஏறியவர் முகம் சுருங்கிவிட்டது. துணி இருக்கை, கடினமான பிளாஸ்டிக், பழைய ரேடியோவில் இருப்பது போன்ற பொத்தான்கள். இதையா இந்த விலைக்கு விற்கிறீர்கள் என்று கேட்டேவிட்டார்.

அதே பாதை, அதே குழி. சாம்பல் சத்தமில்லாமல் விழுந்து எழும்பியது. கடற்கரைப் பக்கம் திரும்புகிற இடத்தில் நகருக்குள் திரிகிற பெண்மான் ஒன்று குட்டியோடு நடுவீதியில் நின்றது. மதுசன் நிறுத்தினான். ஹோர்ன் அடிக்கவில்லை. பின்னால் வந்த ஓட்டோக்காரன் விடாமல் அடித்தான். மதுசன் கையை வெளியே நீட்டி, கொஞ்சம் பொறு என்று காட்டினான். குட்டி வீதிக் கரைக்குப் போகும்வரை வாகனம் அசையவில்லை.

திரும்பி வரும்போதுதான் யோகமலர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட சொந்தக் காசெண்டால் எதை எடுப்பீங்கள்?”

வெள்ளையில்தான் முதலாளிக்கு இலாபம் கூட. யோகமலரின் மனமும் வெள்ளையில்தான் கிடக்கிறது. வெள்ளை என்று ஒரு சொல் சொன்னால் வேலை தப்பும். மதுசனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

“சாம்பல்தான், அன்ரி. வெள்ளை உள்ளுக்குப் பாக்க வடிவு. ஆனா குழியில ஒரு கடகடப்புக் கேட்டதெல்லே, அது போகப்போகக் கூடும். வளைவிலயும் ஒருக்கா ஆடிப்போட்டுத்தான் நிமிருது. சாம்பலுக்குச் சோடினைதான் இல்லை. ஸ்டியரிங் கை சொன்னதைக் கேக்கும். குடும்பத்தை ஏத்திக்கொண்டு போறதுக்கு அதுதான் நல்லது.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்கியதும் சோமசேகரம் கைகொடுத்தார்.

“வீட்டில கேட்டுப்போட்டுச் சொல்லுறம், தம்பி.”

அவ்வளவுதான், முடிந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பி வந்த சரித்திரம் கார் சேல் தொழிலில் இல்லை. இருவரும் ஓட்டோ பிடித்துப் போனார்கள். என்ன நடந்தது என்று சசிகரன் கேட்க, மதுசன் அதையும் மறைக்காமல் சொன்னான். கொஞ்சம் பொய் சொல்லத் தெரியாதவன் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று அவர் பின்னேரம்வரை ஏசினார்.

கடை பூட்டிய பிறகு மதுசன் துறைமுகக் கட்டின்மேல் போய் இருந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேர்மையாக இருந்து என்ன கண்டோம் என்று நினைத்துக்கொண்டே அம்மாவுக்கு எடுத்தான்.

“எத்தினை தரம் எடுத்தனான், மோனை. நல்ல சேட்டொண்டு மாத்தச் சொல்லத்தான் எடுத்தனான். போன கிழமை கலியாணத்துக்குக் குறிப்புப் பொருந்தினதெல்லே, லிங்கநகர்ப் பிள்ளை சோபனா. அதின்ர தாயும் தகப்பனும் உனக்குத் தெரியாமல் உன்னைப் பாக்க வருகினமெண்டு தரகர் சொன்னவர்.”

மதுசன் குனிந்து தான் போட்டிருந்த சேட்டைப் பார்த்தான். அதன் கையில் கறுப்பாய் ஒயில் பிரண்டிருந்தது.

“வந்து பாத்திட்டுப் போட்டினம், அம்மா” என்றான். “ஒண்டும் பிடிக்கேல்லைப் போல.”

“ஆர் சொன்னது? இப்பதான் அவை எடுத்துக் கதைச்சவை. பிள்ளையும் ஓமெண்டிட்டுதாம். நாளைக்கு வந்து சாம்பலை எடுக்கினமாம். அதை ஓட ஆளும் பாத்தாச்சாம்.”