சியாம் சேரின் நேர்மைக் கட்டுரை

"டீவியக் குறைங்க புள்ளைகள்! வாப்பா மாஸ்டர்ஸுக்குப் படிக்கிறார் எண்டு எத்தின தரம் சொல்ற?"

இன்ஷிரா போட்ட சத்தத்தில் பிள்ளைகள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கோழிகளும் அடங்கிப்போயின. உள்ளே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவள் கணவன் சியாம் படித்துக்கொண்டிருந்தான். காதில் இயர்போன், எதிரே கைப்பேசி, அதில் கிரிக்கெட். நிதிச் சட்டப் புத்தகம் நல்ல தடிப்பம். கைப்பேசியைச் சாய்த்து வைக்க அதைவிட வசதியான பொருள் அந்த வீட்டில் வேறு இருக்கவில்லை.

கல்முனையில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் சியாம் உதவி முகாமையாளர். முகாமையாளர் ஓய்வுபெறப் போகிறார். நிதியிலும் நிதிச் சட்டத்திலும் தொலைக்கல்வி முதுமாணிப் படிப்புக்கு அனுமதி கிடைக்கிறவருக்கே அந்தக் கதிரை என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. போட்டிக்கு ஒரே ஆள்தான், நேற்று வந்த றிபாத். அவனுக்குக் கீழே வேலை பார்ப்பதை நினைத்தால் சியாமுக்குச் சோறு இறங்கவில்லை. மூளைக்கு நல்லதென்று மாமியார் அனுப்பும் ஆட்டுக்கால் சூப் மட்டும் எந்தத் தடையுமில்லாமல் இறங்கியது.

மாமியார் சூப்போடு நிற்கவில்லை. "எங்கட மருமகன் இனி மெனேஜர்" என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். இனி தோற்றால் சியாம் அந்தத் தெருவால் போய்வர ஏலாது.

அனுமதிக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். தலைப்பு, 'நிதி நிறுவனங்களில் நேர்மை'. தலைப்பைக் கண்டவுடனேயே சியாம் எழுதித்தர ஆள் தேடத் தொடங்கினான்.

ஆள் பஸாரில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்தார். ஜவாத் கல்வி ஆலோசகர். பொத்துவில் முதல் மருதமுனை வரை எத்தனையோ பேரின் ஆய்வுகள் அந்த மாடியில்தான் பிறந்தன என்று ஊருக்கே தெரியும். பட்டம் வாங்கியவர்கள் மட்டும் அந்தப் படிக்கட்டையே கண்டதில்லை என்பார்கள்.

"எங்கிட்டத் தந்துட்டு நிம்மதியாப் போங்க சேர்" என்றார் ஜவாத்.

"கட்டுரையத் திருத்துற ஆள் கண்டுபிடிச்சா?"

"அந்த ஆள்ர மனசு எனக்கு அத்துப்படி. நேர்மைண்டா உசிர விடுவார். அவருக்குப் பிடிச்ச மாதிரியே எழுதுறன்."

சியாமுக்கு வயிறு குளிர்ந்தது. படியிறங்கப் போனவன் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"றிபாத் எண்டு ஒரு பொடியன் வருவான் சேர். அவனுக்கு நீங்க எழுதிக் குடுக்கப்படாது."

ஜவாத் கொஞ்சம் யோசித்தார். "சரி, முந்தி வந்த ஆள் நீங்க. ஒரு கிளைக்கு ஒரு கட்டுரைதான். வாக்கு."

அடுத்த நாள் கிளைக் கந்தோரில் றிபாத் வாடிய முகத்தோடு வந்து நின்றான். "ஜவாத் சேர் நேரமில்லண்டு அனுப்பிட்டார் சேர். இனி நானேதான் எழுதணும் போல."

"எழுது தம்பி, எழுது. சொந்தமா எழுதினாத்தான் அறிவு வளரும்" என்று சியாம் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். அப்படித் தட்டும்போது அவனுக்கு உண்மையிலேயே அந்தப் பிள்ளைமேல் இரக்கம் வந்தது.

சொன்ன நாளில் கட்டுரை மின்னஞ்சலில் வந்தது. சியாம் மேலிருந்து கீழே விரலால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தான். நல்ல நீளம். தன் பெயரைப் போட்டு அப்படியே அனுப்பிவிட்டு, களைத்துப்போய்ப் படுத்தான். இன்ஷிரா நெற்றிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

முடிவு வருகிற நாளில் மாமியார் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. காலையிலேயே இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்துத் தெருவெல்லாம் கொடுத்தனுப்பிவிட்டார். பகலானதும் முடிவு வந்தது. றிபாத் தேறிவிட்டான். சியாம் தேறவில்லை.

சியாம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஜவாத்தின் மாடிக்கு ஏறினான்.

"என்னத்த எழுதித் தந்த நீங்க? ஊரெல்லாம் எங்கட வட்டிலப்பத்தத் திண்டுட்டு இரிக்கி! சொந்தமாக் கிறுக்கின பொடியன் பாஸ், நான் பெயில்!"

ஜவாத் பதறவில்லை. "கட்டுரை அருமையான கட்டுரை சேர். ஒரு குறை சொல்ல ஏலா."

"அப்ப எந்த மடையன் பெயில் போட்ட?"

"நான்தான்."

சியாம் திரும்பிப் பார்த்தான். மாடியில் வேறு ஒருவரும் இல்லை.

"கட்டுரை திருத்துற கொழும்புப் பேராசிரியருக்கு நேரமில்ல சேர். நம்மட பக்கத்துத் தாளெல்லாத்தையும் எங்கிட்டத்தான் திருத்த அனுப்புற" என்றார் ஜவாத், ஊரில் நடக்கிற சாதாரண விசயம் போல.

"அப்ப... றிபாத்துக்கும் நீங்களா போட்ட?"

"ஓம். அவருக்கு எழுதிக் குடுக்க நீங்கதான் விடல்லையே. பாவம், அவரே எழுதியிருந்தார். மனச்சாட்சிப்படி புள்ளி போட்டேன்."

"அந்தக் கையால எனக்கும் ரெண்டு புள்ளியக் கூட்டிப் போட்டிருக்கலாமே!" என்று சியாம் அழாக்குறையாகக் கத்தினான்.

ஜவாத்துக்கு இப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "என்ன கதை சேர் இது? நானே எழுதின கட்டுரைக்கு நானே புள்ளி போட்டா அது மோசடியில்லையா? உங்கட கட்டுரை முழுக்க அதத்தானே எழுதித் தந்தேன், ஒருக்காவது வாசிக்கல்லையா?"