மஞ்சள் கொடி

லொறிப் பந்தயப் பாதையில் ஏதோ கிடக்கிறதாம். மஞ்சள் கொடி காட்டி எல்லா லொறிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர விடுகிறார்கள். பருவத்தின் கடைசி ஓட்டம் இது, வென்றால்தான் துரைசிங்கத்தின் மகள் யசோதாவுக்குக் கோப்பை. அரைச் சுற்று முன்னால் பறந்தவளின் முதுகில் இப்போது சிவப்பு லொறி ஒட்டி வருகிறது. “ஓடினவளை மறிச்சு, ஏலாதவனைப் பக்கத்தில விடுறாங்கள், கள்ளர்” என்று துரைசிங்கம் பார்வையாளர் பக்கத்துக் கம்பிவலையை உலுக்குகிறார். செம்புழுதிக்குள் பந்தய ஊழியனான ஒரு வெள்ளைக்காரன் குனிந்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கம்பியொன்றைத் தூக்கிப் பார்க்கிறான். “அத்தான், கண்ணூறுக்கு நீங்கள் அவளின்ர லொறியில கட்டினதெல்லே?” என்கிறார் மைத்துனர் தேவராஜா. “சும்மா இரும்.” ஓட்டம் மறுபடி தொடங்கப் பச்சைக் கொடி விழுகிறது. சிவப்பு லொறி உட்பக்கத்தால் நுழைந்து யசோதாவை முந்துகிறது. துரைசிங்கம் வலையை விடாமல், குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: “அவள் இறங்க முதல் போய் அதை வாங்கி எங்கையாவது எறிஞ்சு போட்டு வாரும்.”