பிரியாணித் தாள்

“சோறு வாங்க எதுக்கும்மா கையெழுத்து?” என்று வெள்ள நிவாரண முகாமில் மகள் ஒருமுறை தாசில்தார் எஸ்தரிடம் கேட்டிருந்தாள்.

இன்று, உப்பளத்தைக் கம்பெனிக்குக் கொடுப்பது பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் முடிந்ததும், அங்கே கம்பெனி கொடுத்த பிரியாணியை வாங்கியதற்காக உப்பளத் தொழிலாளர்கள் கையெழுத்திட்ட தாளைக் கம்பெனி மேலாளர் அவள் மேசையில் வைத்தார்.

“மேல ‘சம்மதித்தவர்கள்’னு மட்டும் எழுதிருங்க மேடம். மேலிடத்துல பேசியாச்சு.”

“பிரியாணி நல்லா இருந்துச்சா சார்?”

“ஆட்டுக்கறி மேடம்!” என்று சிரித்துக்கொண்டே போனார்.

பெயர்களுக்கு நடுவே பாக்கியத்தாய் இருந்தாள். போன கோடையில், செருப்பு அறுந்து நின்ற எஸ்தருக்குத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கொதிக்கும் உப்பில் வெறுங்காலோடு நடந்தவள்.

அறையில் யாருமில்லை. எஸ்தர் கண்மூடி ஜெபித்தாள். பிறகு தாளின் தலையில் ‘பிரியாணி பெற்றுக்கொண்டவர்கள்’ என்று எழுதி, முத்திரை குத்தினாள். மை காயும்வரை ஊதினாள்.