பூஞ்சை பிடித்த துண்டு

திரையில் அந்தத் துண்டு வந்தது. வெள்ளையாய், ஒரு பக்கம் சப்பிப்போன அவரை விதை மாதிரி.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அது அவளுடையது.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவன் அவள் கணவன். கருத்தரங்குக்கு வராதே, உனக்கு அலுப்பாக இருக்கும் என்று சொல்லியிருந்தான். கைதட்ட வீட்டு ஆள் ஒருத்தியாவது வேண்டாமா என்று, லீவு போட்டு, சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் விளையாட்டு ஆசிரியை. முழங்காலில் குருத்தெலும்பு பெயர்ந்து ஓரிடம் பள்ளமாகிவிட்டது. இப்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுகிறாள்.

சரிசெய்துவிடலாம் என்றான். அவள் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி ஸ்டெம் செல் எடுத்தார்கள். பள்ளத்தின் அளவுக்கே பட்டுப் புரதத்தில் ஒரு சாரம் செய்தான். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரிதான், செல் இதைப் பிடித்துக்கொண்டு வளரும் என்று, ஒரு பக்கம் சப்பிப்போன அதன் படத்தைச் செல்போனில் காட்டினான். பொங்கலன்றுகூட, செல்லுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும் என்று ஆய்வகத்துக்கு ஓடினான். பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு செய்வீர்களா என்று கேலி செய்தாள். உள்ளுக்குள் பெருமைதான்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தபின் ஒருநாள் முகம் செத்துப்போய் வந்தான். பூஞ்சை பிடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்றான். சாப்பிட மாட்டேன் என்றான். அவள்தான் தேற்றினாள். சோறு பிசைந்து ஊட்டிக்கூட விட்டாள்.

பூஞ்சையாம்.

அடுத்த படத்தில் அது சீவல் சீவலாக இருந்தது.

சீவிச் சாயம் ஏற்ற வேண்டும். சிவந்தால்தான் குருத்தெலும்பு என்று உலகம் ஒப்புக்கொள்ளும். சீவியதைக் காலுக்குள் வைக்க முடியாது. இதையும் அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

நன்றாகவே சிவந்திருந்தது.

கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை.

முன்வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்து, இவ்வளவு அருமையாக வளர்ந்ததை நோயாளிக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்டார்.

அவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

"பேஷன்ட் வேண்டாம்னுட்டாங்க சார். கடைசி நேரத்துல பயந்துட்டாங்க."

வேறு கேள்வி உண்டா என்றார்கள்.

அவள் கை தூக்கினாள். மைக் கடைசி வரிசைக்கு வந்தது.

எழுந்து நிற்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அரங்கம் காத்திருந்தது.