எல்லோருக்கும் தெரிந்த கணக்கு

சந்திராமணி வேலை பார்த்த பனியன் கம்பெனியில் லாப நஷ்டம் முழுவதும் சுவர்த்திரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஓடும். கம்பெனி நம்முடையது என்ற எண்ணம் வந்தால் ஆட்கள் மாடாய் உழைப்பார்கள் என்று முதலாளி நம்பினார். சந்திராமணியின் மகனுக்குக் கம்பெனி கொடுத்துவந்த மருத்துவச் செலவும் அதில் சிவப்பாக ஓடியது.

"தப்பா நினைக்காதீங்க அக்கா, அந்த ஊசியாலதான் எங்க போனஸ் போகுது," என்றாள் பக்கத்து மெஷின் ஜெசிந்தா.

"அது இல்லீனா அவனுக்கு மூச்சே நின்னுரும் கண்ணு!"

ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கெஞ்சினாள். ஆனாலும் சாயங்காலம் எந்தச் செலவை வெட்டுவது என்று ஆட்களிடம் ஓட்டெடுப்பு நடந்தபோது, அந்தச் செலவை நிறுத்தச் சொல்லி ஏறக்குறைய எல்லோரும் கை தூக்கினார்கள். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டே தூக்கினாள்.

உடனே திரை பச்சைக்கு மாறியது. பச்சை வந்தால் கைதட்டுவது அங்கே பழக்கம். எல்லோரும் தட்டினார்கள். தன் கையும் தட்டிக்கொண்டிருப்பதைச் சந்திராமணி கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.