பூட்டிய பதிவேடு

"ஊர்ஹோ, நம்ம சர்வருக்குள்ள எவனோ புகுந்துட்டான்!" உதவியாளர் கைசு ஓடி வந்தாள்.

ஹெல்சிங்கி மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவுத் தலைவர் ஊர்ஹோ, ஒரு மாத விடுமுறை முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தார்.

"சர்வரை இயக்குற கெர்னல் நிரல் எழுதுற பதிவேட்டை என்னைத் தவிர ஈ காக்காகூடப் படிக்க முடியாதபடி பூட்டிட்டுத்தானே போனேன்! திருடனுக்குத் துப்பு கிடைக்கக் கூடாதுன்னு!"

"அதையும் திறந்து படிச்சிருக்கான். கடிதம் வேற எழுதி வச்சிருக்கான்."

"ஐயோ, நோயாளிங்க விவரமெல்லாம் போச்சா? என்னன்னு மிரட்டுறான், படி!"

கைசு படித்தாள்.

"'ஹார்ட் டிஸ்க் சாகப்போகுதுன்னு உங்க கெர்னல் ஒரு மாசமா இந்தப் பதிவேட்டுல கதறிக்கிட்டிருக்கு. இன்னைக்கே மாத்துங்க. இதைப் படிக்க அங்க ஒரு ஆள்கூடவா இல்ல?'"

நிமிர்ந்து ஊர்ஹோவைப் பார்த்தாள்.

"என்ன பதில் போடட்டும்? படிக்க வேண்டியவர் ஏரியில மீன் பிடிச்சிட்டு இருந்தார்னா?"