முப்பத்தாறுக்குத் தொண்ணூறு

பனியன் கம்பெனியின் கூரைக் கண்ணாடி வழியே காலை வெயில் கட்டிங் மேசைமேல் சதுரமாக விழுந்து கிடக்கிறது. முப்பது முதல் முப்பத்தாறு வரை, இஞ்சுக் கணக்கில் வெட்டிய அளவு அட்டைகள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. "தை பொறந்தா எல்லாமே சென்டிமீட்டர்தானுங்க மாஸ்டர். ஒரு வருசம் லேபிள்ல ரெண்டு நம்பரும் இருக்கட்டும். அப்பறம் பழசு வேண்டாமுங்க. முப்பத்தாறுக்குத் தொண்ணூறு" என்கிறார் முதலாளி பொங்கியண்ணன். கட்டிங் மாஸ்டர் சென்னிமலை பழைய அட்டைமேல் புதியதை வைக்கிறார். ஓரத்தில் பழையது அரிசி அகலத்துக்கு மிஞ்சி நிற்கிறது. "சுத்தளவுல அரை இஞ்சு கொறையுதுங்க. போட்டுப் பழகுனவங்களுக்கு இறுக்குமுங்க." "அரை இஞ்சு யாருக்குங்க தெரியப்போகுது?" என்கிறார் முதலாளி. "நீங்க போடறது என்ன சைசுங்க?" "முப்பத்தாறுதானுங்க." மாஸ்டர் கழுத்தில் கிடக்கும் புது டேப்பை எடுத்து முதலாளியின் மார்பைச் சுற்றிப் பிடிக்கிறார். தொண்ணூற்றொன்றரை காட்டுகிறது. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, மூச்சை முழுக்க வெளியே விட்டு அடக்கிக்கொள்கிறார். இப்போது தொண்ணூறு. விரலால் தொட்டுக் காட்டுகிறார். மாஸ்டர் தலையாட்டுகிறார், டேப்பை அதே இடத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் அடுத்த மூச்சை இழுக்கட்டும் என்று நிற்கிறார்.